கழியும், முடியும்

நேற்று முதலாளி ஃபோனில் கூப்பிட்டார். "பிழை பாக்க மூணு பேரு புதுசா சேந்திருக்காவ வேய். உம்ம அனுபவத்தில நாலு வார்த்தை எழுதிக் குடும்" என்றார். நாலு வார்த்தை போதுமா என்று கேட்டேன். "நீரு ஒரு வார்த்தையில செஞ்ச காரியம் போதாதா?" என்றார். அது எந்த வார்த்தை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். புதிதாக வந்த உங்களுக்கும் தெரிந்துவிடட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் இந்த அச்சகத்தில் நான் இருபத்தேழு வருடம் பிழை திருத்தினேன். அதாவது அடுத்தவர் பிழைகளை நீக்கிவிட்டு என் பிழைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். போன வருடக் கடைசியில், ஐம்பத்து மூன்று வயதில், விருப்ப ஓய்வு. விருப்பம் யாருடையது என்பதில் எனக்கும் முதலாளிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. காரணம் கண் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம்.

என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, அவசரத்துக்கு நான் உதவாத ஆள். அடுப்பில் பாயசம் பொங்கி வழிந்தால் கரண்டியைத் தேடாமல் சட்டையைத் தேடுகிறவன். பதற்றம் வந்தால் எனக்கு விக்கல் எடுக்கும். நம் மாவட்டத்தில் இந்தப் பதற்றத்துக்கு வெப்ராளம் என்று பெயர். மற்றவர்களுக்கு வெப்ராளம் வந்து போகும். என்னிடம் அது வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

தெரியாமல் செய்கிற பிழை சின்னது. அகராதியைப் புரட்டினால் போய்விடும். நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் செய்கிற பிழைதான் பெரியது. ராஜாக்கமங்கலத்தில் இருந்து ஒருவர் வீடு கட்டிவிட்டு அழைப்பிதழ் அடிக்க வந்தார். 'பால்காய்ப்பு' என்று எழுதியிருந்தார். புது வீட்டில் குடியேறுவதை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். நான் அதை அடித்துவிட்டு 'புதுமனை புகுவிழா' என்று போட்டேன். அட்டையைப் பார்த்த அவர் மனைவி நேராக என் மேசைக்கு வந்தாள். "அண்ணாச்சி, எங்க வீட்டில நாங்க பால்தான் காய்க்கோம். புகுகது யாரு, பாம்பா?" என்று கேட்டாள். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது விக்கல்.

இனி நபீசா டீச்சர் விஷயம்.

டீச்சர் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்தார். அந்தப் பள்ளியின் ஆண்டு மலர் வருடந்தோறும் நம்மிடம்தான் அச்சுக்கு வரும். பொறுப்பு அவருடையது. நான் பார்த்து முடித்த புரூஃபை அவர் மறுபடி பார்ப்பார். பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரையில் 'எனக்கு ஓடக் கழியாது' என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். டீச்சர் ஃபோனில் வந்தார்.

"கழியாதுன்னு அச்சில வரலாமா? வாயில வரட்டும், நான் வேண்டாங்கல்ல. தாளில முடியாதுன்னுதான் வரணும்."

உங்களில் வெளியூர்க்காரர் இருந்தால் அவருக்காகச் சொல்கிறேன். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் 'கழியும்' என்றால் முடியும், 'கழியாது' என்றால் முடியாது. மலையாளத்தோடு உரசிக் கிடக்கிற பேச்சு. நான் கிழக்கே தோவாளைக்காரன். எங்கள் பக்கத்தில் பொழுதுதான் கழியும். ஆகவே டீச்சர் சொன்னது எனக்கு வசதியாகவே இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் 'கழியாது'வும் என்னிடமிருந்து தப்பியதில்லை.

பிறகு டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. கால் முதலில் திரும்பியது. கையும் பேச்சும் பைய வந்தன, வழியில் பாதியைத் தொலைத்துவிட்டு. வேலையை விட்டுவிட்டார். கணவர் முன்னாலேயே காலமாகியிருந்தார். ஒரே மகள் ஷமீமா சார்ஜாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். டீச்சர் அந்த வீட்டில் தனியாக இருந்தார். கணவரின் தங்கை சுலைகா அடுத்த வீட்டில் இருந்தாள்.

அடுத்த வருட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். சுலைகாவின் ஃபோனில் இருந்து எனக்கு ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில், இடது கையால் எழுதிய ஆறு வரி. முதல்நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது போல ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. கவிதை இதுதான்:

நேற்று விரல் அசைந்தது.
இன்று கிண்ணம் எழுந்தது,
வாய்வரை வரவில்லை.
கடலும்
கரைவரைதான் வருகிறது.
எனக்கும் கழியும்.

தாளில் 'கிண்ணம்' என்பது 'கிணம்' என்று இருந்தது. விட்டுப்போன எழுத்தைச் சேர்த்தேன். 'வரவில்லை'யில் ஒரு எழுத்து குறைந்தது. அதையும் சேர்த்தேன். இரண்டும் சரியான திருத்தங்கள். பிறகு கடலிடம் வந்தேன். தேங்காய்ப்பட்டணத்துக் கடல் ஆடி மாதத்தில் கரையோடு நிற்பதில்லை, ரோட்டைத் தாண்டி வந்து வாசலைத் தட்டும். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடலாமா என்றுகூட யோசித்தேன். போடவில்லை. அந்த இடத்தில் பொறுமையாக இருந்துவிட்ட பெருமையில் அடுத்த வரியில் கையை வைத்தேன்.

இரண்டு பிழை கண்டுபிடித்த கண்ணுக்கு மூன்றாவதும் பிழையாகத்தான் தெரியும். நம் தொழிலில் கை சூடாவது என்பது இதுதான். நபீசா டீச்சர் தாளில் 'கழியும்' என்று எழுதுவாரா? பாவம், நோயில் சொல் தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் 'பாவம்' என்ற நினைப்பு வரும்போது பேனாவை மூடிவிடுங்கள். நான் மூடவில்லை. 'எனக்கும் முடியும்' என்று மாற்றினேன். நோயாளிக்குத் தலையணையைச் சரிசெய்து கொடுத்த திருப்தியோடு சாயா குடிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆண்டு விழா. வியாழன் காலையில் ஐந்நூறு பிரதியும் அச்சாகிக் கட்டி வைத்தாகிவிட்டது. மாதிரிப் பிரதி கைக்கு வந்ததும் தலைமையாசிரியை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஷமீமாவுக்கு அனுப்பியிருக்கிறார். பதினொரு மணிக்கு சார்ஜாவில் இருந்து அச்சகத்துக்கு அழைப்பு வந்தது.

"உம்மா கவிதையைப் பாத்தது நீங்கதானா?"

நான்தான் என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாரான குரலில்.

"உம்மா இப்பிடி எழுதுவாவன்னு எனக்கு நம்பவே கழியல்ல அண்ணே. கடல் கரையோட நின்னு போவுது, எனக்கும் முடியும்னு எழுதியிருக்காவ. சாவைல்லா எழுதியிருக்காவ."

மலரைப் புரட்டி அந்த வரியைப் பார்த்தேன். அதுவரை அது 'என்னாலும் செய்ய முடியும்' என்றுதான் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது மகளின் காதால் கேட்டேன். எனக்கும் முடியும். எனக்கும் முடிந்துவிடும். சொல்லை மாற்றியவன் 'எனக்கும்' என்பதை 'என்னாலும்' என்றாவது மாற்றியிருக்கலாம். அரைகுறைத் திருத்தம். ஒரு கை எழுந்த கதையை நான் மரண அறிவிப்பாக்கி ஐந்நூறு பிரதி போட்டிருந்தேன்.

ஷமீமா பேசிக்கொண்டே போனாள். "ரெண்டு மாசமா உம்மாட்ட மல்லுக்கட்டுகேன். என்கூட வந்து இரிங்கன்னா மாட்டேன்னு தலையை ஆட்டுகாவ. பின்னே தனியா இருக்கக் கழியுமான்னு கேட்டேன். எழுதிக் காட்டுகேன்னு சைகை காட்டினாவ. இதான் அந்த எழுத்து. அவியளுக்கு மனசு விட்டுப் போச்சு. ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. வீட்டைப் பூட்டி சாவியை மாமிட்ட குடுத்துட்டு உம்மாவைக் கையோட கூட்டிட்டு வந்திருவேன்."

எனக்கு முதல் விக்கல் எடுத்தது. பேனா பிடித்த கையால் டீச்சரின் வீட்டைப் பூட்டியாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் மனிதனுடைய உண்மையான குணம் வெளியே வரும் என்பார்கள். என்னுடையதும் வந்தது. பொய் சொன்னேன்.

"அது ஒண்ணுமில்லம்மா. உம்மா எழுதினது கழியும்னுதான். ஃபான்ட் மாத்தும்போது சில எழுத்து தானா மாறிரும்."

ஷமீமா மெதுவாகக் கேட்டாள். "எந்த ஃபான்ட்ல அண்ணே கழியும் முடியும் ஆவும்?"

இருபத்தேழு வருட அனுபவத்தில் அந்த ஃபான்ட்டின் பெயர் எனக்குத் தெரியவில்லை. "ஃபான்ட் இல்ல. நான்தான் மாத்தினேன். நோயில உம்மாவுக்கு வார்த்தை குழம்பிட்டுன்னு நினைச்சேன்" என்றேன். சொன்னதும் விக்கல் நின்றது. பிரச்சினையும் தீர்ந்தது என்று நினைத்தேன். பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது, சரியான சொல் சொல்லப்பட்டது. வேறென்ன?

"நீங்க நினைச்சது சரிதான்" என்றாள் ஷமீமா. குரல் இன்னும் இறங்கிவிட்டது. "சின்னதில நான் கழியாதுன்னு சொன்னா உம்மா அடிப்பாவ. மொதல்ல முடியாதுன்னு ஒழுங்கா சொல்லு, பொறவு செய்யாம இருன்னு சொல்லுவாவ. அந்த உம்மா கழியும்னு எழுதுகாவன்னா தலைக்குள்ள எல்லாம் கலைஞ்சு போச்சுன்னுல்லா அர்த்தம்? இனிமே எப்படி தனியா விடுகது?"

திருத்தினாலும் பயணம், திருத்தாவிட்டாலும் பயணம். விக்கல் திரும்பி வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். தலையில் கை வைத்தார், என் தலையில் அல்ல என்பது அவருடைய பெருந்தன்மை. "சரி, கழியும்னே அடிச்சு மேல ஒட்டிரும் வேய். எழுதினது அதுதானே" என்றார். சரியான யோசனைதான். ஆனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் என் மண்டை வேலை செய்தது. டீச்சரைக் கேட்காமல் முடியும் என்று மாற்றினேன். இப்போது கேட்காமல் மறுபடி மாற்றினால் அதுவும் அதே தப்பு. தடுமாறி விழுந்த சொல்லா, பார்த்துப் போட்ட சொல்லா என்று எழுதினவர்தான் சொல்ல வேண்டும். பேச்சு அரைகுறையாக இருப்பதால் அவரை விட்டுவிட்டு அவரைச் சுற்றி மூன்று பேர் முடிவெடுத்துக்கொண்டிருந்தோம்.

முதலாளியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிளம்பினேன். வழியில் கருங்கல் சந்திப்பு வந்ததும் நிறுத்தி, தெரிந்த வழியையே இரண்டு பேரிடம் கேட்டேன். வெப்ராளத்தில் மனிதனுக்குத் துணை தேவைப்படும்.

கதவைத் திறந்தது சுலைகா. "வாங்க, இரிங்க. விக்கலா? தண்ணி எடுக்கேன்" என்றாள். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் தனியாக உறங்குவது போலக் கிடந்தது. மலரை அவர் முன்னால் விரித்து வைத்தேன். இடது கை விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். அப்போது ஃபோனில் வருகிற பழைய டீச்சரே தேவலை என்று இருந்தது.

"மு..." என்று தொடங்கினார்.

"முடிஞ்சு போச்சுன்னு சொல்லுகியளா டீச்சர்?"

இல்லை என்று தலையசைத்தார். "மு... மு..."

"முதல்லயே கேட்டிருக்கணும்?"

இல்லை.

"முட்டாள்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார். தண்ணீரோடு வந்த சுலைகா சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க மாட்டாமல், "அண்ணாச்சி, மைனி சொல்லி முடிக்கட்டும். கொஞ்ச நேரம் மிண்டாம இரிங்க" என்றாள்.

தாளில் செய்ததையே நான் வாயிலும் செய்துகொண்டிருந்தேன். வருவதற்கு முன்பே சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாயை மூடினேன். புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், பிழை திருத்தும் வேலையில் இருபத்தேழு வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அந்த இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருந்ததுதான். ஒரு சொல் ஒருவருக்குள் எங்கெங்கோ போய்ச் சுற்றி வருவதை முகத்தில் பார்க்கலாம். உதவ வேண்டும் என்று நாக்கு துடிக்கும். உதவக் கூடாது.

"முடியும்" என்றார் டீச்சர். இடது கையில் இரண்டு விரலை நீட்டினார். "ரெண்டு."

ஒரு விரலை மடக்கினார். "செய்யலாம்."

மற்ற விரலை மடக்கினார். "தீரும்."

மூச்சு வாங்கிக்கொண்டார். மறுபடியும் இரண்டு விரல். "கழியும். ரெண்டு."

ஒன்றை மடக்கினார். "செய்யலாம்."

அடுத்த விரல் மடங்க நேரமாயிற்று. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, போகட்டும் என்பது போல அசைத்தார். "இதும்... போவும்." பிறகு என் பக்கம் சாய்ந்து, மந்தமான மாணவனுக்குச் சொல்வது போல, "இது... நல்ல ரெண்டு" என்றார்.

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு முகம் பார்த்து, இருட்டான முகத்தைத் தள்ளிவிட்டு, இத்தனை வருடம் தாளில் ஏறவிடாத தன் வீட்டுச் சொல்லை எடுத்து வைத்த தலைக்குள் எதுவும் கலைந்திருக்கவில்லை. கலைந்திருந்தது என் தலை.

சுலைகா ஷமீமாவை வீடியோவில் அழைத்தாள். டீச்சர் முதலில் இருந்து அதே நான்கு விரல் பாடத்தை நடத்தினார். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாக வந்தது. ஷமீமா கேட்டுவிட்டு, "எல்லாம் சரி உம்மா. அந்த வார்த்தைக்கு என்னை அடிச்சியள்லா?" என்றாள்.

"அடிச்சேன்." டீச்சர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ கேட்டே" என்றார்.

"என்ன கேட்டேன்?"

"கழியுமான்னு."

தனியாக இருக்கக் கழியுமா என்று மகள் கேட்டிருந்தாள். அவளுடைய சொல்லிலேயே உம்மா பதில் சொல்லியிருந்தார். நான் நடுவில் புகுந்து மொழியைச் சுத்தம் செய்திருக்கிறேன். ஃபோனில் ஷமீமாவின் முகம் விலகிப்போய் கொஞ்ச நேரம் மேற்கூரையில் சுற்றுகிற மின்விசிறி மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேன். டிக்கெட்டை மாத்த மாட்டேன். ஆனா திரும்புகதுக்கு எனக்கு மட்டும் போட்டா போதும். ராத்திரி மாமி வந்து கூட படுக்கணும். அதுக்கு சம்மதிக்கியளா?"

டீச்சர் உடனே தலையாட்டவில்லை. சுலைகாவை மேலும் கீழும் பார்த்தார். "கொறட்டை" என்றார். பிறகு சம்மதித்தார்.

அன்று மாலை முழுக்க 'கழியும்' என்று சின்னச் சின்னத் துண்டுகளாக அடித்து, நானும் முதலாளியும் கட்டு கட்டாகப் பிரித்து ஒட்டினோம். என் வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது ஒரு மாதிரி புரிந்திருக்கும். அவசரத்தில் சில பிரதிகளில் பக்கம் மாறி, தலைமையாசிரியையின் வாழ்த்துரையில் 'மாணவர்களால் எதுவும் முடியும்' என்ற இடத்தில் ஒட்டிவிட்டேன். விழாவில் அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது இயல்பாகத்தானே இருக்கும்.

ஷமீமா வந்து இரண்டு வாரம் இருந்தாள். டீச்சர் அடுப்பை அணைக்கிறாரா, மாத்திரையை நேரத்துக்கு எடுக்கிறாரா என்று ஒளிந்து நின்றுகூடப் பார்த்தாளாம். பிறகு தனியாகத் திரும்பிப் போனாள்.

போன வருடம் மலர் வேலை தொடங்கியபோது சுலைகாவிடம் இருந்து செய்தி வந்தது. 'மைனி புரூஃப் பாக்கேன்னு சொல்லுகாவ.' அனுப்பினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்க்கிறார். இரண்டாவது பக்கத்தில் எழுத்துகள் அவர் கண்ணுக்கு ஆட ஆரம்பித்துவிடுகின்றன. அங்கே தாளை மூடி வைத்துவிடுகிறார். ஒருநாள் ஆர்வக் கோளாறில் நாலு பக்கம் சேர்த்து அனுப்பினேன். மூன்று பக்கம் தொடாமல் திரும்பி வந்தது. பார்த்த ஒரு பக்கத்தில் நான் விட்ட பிழை இரண்டு இருந்தது.

மலர் அறுபத்து நான்கு பக்கம். முதலாளி பள்ளிக்கூடத்தில் பேசி, மலர் வேலையை இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்க ஏற்பாடு செய்துவிட்டார். இந்த வருடத்துக் கட்டுரைகள் போன வாரம் வந்துவிட்டனவாம். இனி அது உங்கள் பொறுப்பு. காலை பத்து மணிக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள். திரும்பி வர மாலை ஆகிவிடும். நடுவில் ஃபோன் செய்து, ஆச்சா டீச்சர் என்று கேட்காதீர்கள்.